முப்பத்தெட்டு வீட்டு நாட்டின் பொன்னாண்டு

உலக நாடுகளின் வரிசையில் பரப்பளவால் கடைசியாகவும் பெருமையால் முதலாவதாகவும் வைத்து எண்ணத்தக்க நாடு ஒன்று மும்பைத் தாராவியில் இருக்கிறது. பெயர், பொதிகைச் சால்; சால் என்றால் அங்கே வரிசை வீட்டுக் குடியிருப்பு. மக்கள் தொகை, முப்பத்தெட்டு வீடு. வடக்கே சாக்கடை, தெற்கே தோல் பட்டறை, கிழக்கே சொர்ணம்மாளின் இட்லி அடுப்பு ஆகியவை அதன் எல்லைகள். மேற்கே மூன்று சந்து தாண்டினால் ஹனீப் பாயின் சால், அதாவது 'வெளிநாடு'. இந்நாட்டின் வரலாற்றில் சென்ற ஆண்டைப் போல ஓர் ஆண்டு வந்ததே இல்லை. சென்ற ஆண்டுதான் அதற்குச் சொந்தமாகக் கழிப்பறை கிடைத்தது.

நாலு கதவு. வெள்ளை ஓடு. திறந்தால் தண்ணீர் வரும் குழாய். பொங்கல் கழிந்த மறுநாள் வேலை முடிந்தது. அன்றே வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டி, கதவுகளைப் பூட்டினார்கள். தகுதியுள்ள ஒரு பெரிய மனிதர் வந்து திறந்து வைக்கும்வரை எவரும் உள்ளே போவதில்லை என்று நலச் சங்கம் ஏகமனதாகத் தீர்மானித்தது. சொர்ணம்மாள் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவள் வெளிநாட்டில் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

சொர்ணம்மாளுக்குச் சர்க்கரை வியாதி. ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது போயாக வேண்டும். புதுக் கழிப்பறை அவள் வீட்டு வாசலிலிருந்து பதினோரு அடி. ஹனீப் பாயின் கழிப்பறைக்கு நடை ஏழு நிமிடம், வரிசை இருபது நிமிடம். இதற்குள் அடுப்பில் இட்லி கல்லாகிவிடும். சங்கத்தின் செயலாளர் தங்கபாண்டி அவளுக்குக் கொழுந்தன் முறை என்பதால், பிப்ரவரியில் நேராக அவனிடமே போனாள்.

"கொழுந்தனாரே, ஒரே ஒரு கதவ மட்டும் தெறந்து விடும். நான் யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"மைனி, அது பப்ளிக் சொத்து. நீங்க பாட்டுக்குப் போயிட்டு வந்தா பப்ளிக் என்ன நெனைக்கும்?"

"பப்ளிக்கும் எம் பின்னாலயே வந்து நிக்கும்."

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

மார்ச்சில் பெரிய மனிதருக்குத் தேதி இல்லை. ஏப்ரலில் அவர் மகனுக்குக் கல்யாணம். ஜூனில் மழை, ரிப்பன் சாயம் போய், 'ரிப்பன் பராமரிப்பு உபகுழு' அமைந்தது. அதையொட்டி 'வெளியுறவுக் குழு'வும் அமைந்து, ஹனீப் பாயுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன்படி காலை ஆறு முதல் ஏழு மணிவரை பொதிகைச் சால் குடிமக்கள் தாராளமாக வந்து போகலாம்.

"ஏழு மணிக்கு மேல வந்தா?" என்று சொர்ணம்மாள் கேட்டாள்.

"நாட்டுக்காகக் கொஞ்சம் அடக்கிக்கிடணும் மைனி."

ஹனீப் பாய் ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை. அவள் எப்போது வந்தாலும் வரிசையில் விட்டார். அந்நிய நாட்டார் ஒப்பந்தங்களை மதிப்பதில்லை என்று தங்கபாண்டி வருத்தப்பட்டான்.

டிசம்பரில் நாட்டின் புகழ் அடுத்த பகுதியான சயான்வரை பரவியது. அங்குள்ள ஒரு தூய்மை மன்றம், மிகச் சுத்தமான பொதுக் கழிப்பறைக்குப் போட்டி வைத்தது. நடுவர்கள் வந்து, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, அசந்து போனார்கள். ஒரு துளிக் கறை இல்லை. முதல் பரிசு பொதிகைச் சாலுக்கே.

கேடயம் வழங்க மன்றத் தலைவர் சிங்கராயர் செம்பூரிலிருந்து காரில் வந்தார். டிராஃபிக்கில் இரண்டு மணி நேரம். இறங்கியதும் இரண்டு இளநீர், ஒரு டீ. பிறகு வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை. சிறப்புரையின் நடுவில் அவர் தங்கபாண்டியின் காதில் ஏதோ சொன்னார். தங்கபாண்டி மரியாதையுடன் அவரை மூன்று சந்து நடத்திக்கொண்டு ஹனீப் பாயின் வரிசைக்கு வந்தான். வரிசையின் முன்னால் சொர்ணம்மாள்.

"மைனி, சித்த ஒதுங்குங்க. சீஃப் கெஸ்ட்டுக்கு அவசரம்."

"எனக்கும் அவசரந்தான். ஜனவரிலேருந்து."

வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த ஹனீப் பாய், "லைன்னா லைன்தான் பாய். சாகிப்புக்கு நம்பர் பதினாலு," என்றார்.

சிங்கராயருக்கு முகமெல்லாம் வியர்த்தது. "ஏங்க, உங்க சால்ல நாலு கதவு இருக்கே? அதுக்குத்தான கேடயம் கொண்டாந்தேன்?"

"அது சுத்தமா இருக்கு சார்," என்றான் தங்கபாண்டி.

"அதனால என்ன?"

"போனா அழுக்காயிரும்லா. இன்னும் நீங்க கேடயம் குடுக்கல பாருங்க."

சொர்ணம்மாள் வரிசையை விட்டு வெளியே வந்தாள். "வாங்க அண்ணாச்சி. இவன்கிட்டப் பேசிட்டிருந்தா இங்கனயே ஆயிரும். ஏ தங்கபாண்டி, சாவிய எடு."

முதலில் சிங்கராயர், அடுத்து சொர்ணம்மாள், கடைசியில் சாவிக்கொத்துடன் தங்கபாண்டி என்று மூவரும் ஓடினார்கள். ஓட்டப் பந்தயத்தில் ஜெயிப்பவர் போல, நெஞ்சாலேயே ரிப்பனை அறுத்த சிங்கராயர், தங்கபாண்டி வந்து பூட்டைத் திறந்ததும் முதல் கதவுக்குள் நுழைந்தார். இரண்டாம் கதவுக்குள் சொர்ணம்மாள் போனாள். விழாவுக்கு வந்திருந்த கூட்டம் கை தட்டியது. பிறகு, தட்டுவதை நிறுத்திவிட்டு, வரிசையில் நின்றது.

ஆண்டறிக்கையைத் தங்கபாண்டியே எழுதி, பொதுக்குழுவில் வாசித்தான். "அவசரம் எனத் தெரிவிக்கப்பட்ட பதினைந்தாவது நிமிடத்தில் நமது கழிப்பறை திறந்து விடப்பட்டது. இத்தனை விரைவாகச் செயல்பட்ட சங்கம் மும்பையில் வேறொன்று இல்லை. அதற்கு முந்தைய பதினொரு மாதங்களில், நமது சாலில் எவருக்கும் எவ்வித அவசரமும் ஏற்பட்டதாகப் பதிவேட்டில் இல்லை."