ஒய்.பி. சொன்னால் சரியாகத்தான் இருக்கும்

ஒவ்வொரு பொதுத்தேர்தலின்போதும் என் கணவர் சாப்பாட்டு மேசையில் ஒரே கேள்வியைக் கேட்பார். "இவ்வளவு ஏமாந்த பிறகும் நம்ம ஜனங்க எப்படித்தான் இவங்கள நம்புறாங்க?" நான் ரசத்தை ஊற்றுவேன். எனக்குப் பதில் தெரியும். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அவ்வளவுதான். எண்பதுகளின் தொடக்கத்தில், கிள்ளானில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, உயிரோடிருந்த ஒரு மனிதரை நான் சாகடித்தேன். என் கணவர் கேட்கும் பதில் அந்தச் சாவுக்குள்தான் இருக்கிறது.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. துறைமுகத்தில் ஒரு கப்பல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். எங்கள் கம்பம், அதாவது நாங்கள் இருந்த சிற்றூர், ஆற்றங்கரையில் தாழ்வான இடத்தில் இருந்தது. பெருமழையும் கடலேற்றமும் ஒரே நாளில் வந்தால் கட்டில் கால் முழுகத் தண்ணீர் வரும். பெரிய கால்வாய் வெட்டித் தருவதாகச் சொல்லி ஒருவர் ஒருமுறை ஜெயித்து, எங்கள் ஊர்ப் பேச்சில் ஒய்.பி. என்கிற மக்கள் பிரதிநிதி ஆகியிருந்தார். (பெயர் வேண்டாம். அவருடைய உறவினர்கள் இன்னும் கல்யாண வீடுகளில் எதிர்ப்படுகிறார்கள்.) கால்வாய் வரவில்லை. அடுத்த தேர்தல் வந்தது. ஒய்.பி.யும் வந்தார்.

கட்சியின் கிளைச் செயலாளராக இருந்த அப்பா என்னை அவரோடு அனுப்பினார். என் வேலை, வீட்டு வாசலில் ஒய்.பி.யின் காதில் ஓதுவது. "ராமாயி அம்மா, நாலு ஓட்டு, மூத்த பையனுக்கு வேலையில்ல." அவ்வளவு சொன்னால் போதும். ஒய்.பி. உள்ளே நுழைந்து, "ராமாயி அம்மா, பெரியவன் எப்படி இருக்கான்? அவனை நான் மறக்கல" என்பார். அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிடும். நான் பக்கத்தில் நின்று, நாட்டையே நான்தான் ஆளுகிறேன் என்று நினைத்துக்கொள்வேன். இதற்காகவே வீடுவீடாக விசாரித்து ஒரு நோட்டுப்புத்தகம் நிறைய எழுதி வைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையிலிருந்து படம் எடுக்க ஆள் வருவதாகச் சொன்னார்கள். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் வாங்கிய மயில்கழுத்து நிறச் சேலையைக் கட்டினேன். கையில் நோட்டுப்புத்தகத்தோடு படத்தில் விழுந்தால் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவளைப் போல இருக்கும் என்று தோன்றியது. அதை வீட்டிலேயே வைத்துவிட்டேன். எல்லாம்தான் மனப்பாடமாயிற்றே.

மனப்பாடத்தில் ஒரே ஒரு குறை. எங்கள் கம்பத்தில் இரண்டு லெட்சுமிகள். ஒரு லெட்சுமி அக்காவின் கணவர் போன மாதம் மாரடைப்பில் இறந்திருந்தார். இன்னொரு லெட்சுமி அக்காவின் கணவர் முனியாண்டி அண்ணன். லோரி ஓட்டுபவர், பாறை மாதிரி உடம்பு. நான் முந்தானையைச் சரிசெய்தபடி, முனியாண்டி அண்ணன் வீட்டு வாசலில் நின்று ஓதினேன். "லெட்சுமி அக்கா, ரெண்டு ஓட்டு, வீட்டுக்காரர் தவறிட்டாரு."

அக்கா முற்றத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். ஒய்.பி. செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அவர் முன்னால் குந்தினார். குரல் உடைந்தது. (அந்த மனிதருக்கு அது ஒரு வரம். வேண்டும்போது உடையும்.)

"அக்கா, அண்ணன் போயிட்டாருன்னு கேட்டதுலேருந்து எனக்குச் சோறு இறங்கல. நீங்க தனியா இல்ல. நான் இருக்கேன்."

அக்கா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கத்தி கையிலிருந்து விழுந்தது. "காலையில ஈப்போவுக்கு லோரி எடுத்துட்டுப் போனாரே, ஐயோ" என்று அவர் எழுப்பிய ஓலத்தில் நான்கு வீடு தள்ளியிருந்தவர்களும் ஓடி வந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அக்கா, அழாதீங்க, தப்பு நடந்துபோச்சு. அது வேற லெட்சுமி. உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்காரு" என்று கத்தினேன்.

யாரும் நம்பவில்லை. பக்கத்து வீட்டுக் கனகம் அக்கா என் தோளைத் தட்டினார். "நீ மனசு தாங்காம சொல்ற, பத்மா. ஒய்.பி. வேலைய விட்டுட்டு நேர்ல வந்திருக்காரு. விசாரிக்காமலா வருவாரு?"

அந்தத் தெருவில்தான் நான் பிறந்தேன். பால்பல் விழுந்ததைக்கூட அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஒய்.பி.யை அவர்கள் பார்த்தது ஐந்து வருடத்தில் இரண்டு முறை. ஆனாலும் என் பேச்சு அங்கே எடுபடவில்லை.

ஒய்.பி.யிடம் ஓடி விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்திலிருந்த துக்கம் கொஞ்சமும் மாறவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "இப்ப போய் இல்லேன்னு சொன்னா அசிங்கமாயிரும் லா. நீ இரு தங்கச்சி, மெதுவா சமாதானம் பண்ணு." கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுக் காரில் ஏறினார். படம் எடுக்க வந்தவரும் கூடவே போய்விட்டார். போவதற்கு முன் லெட்சுமி அக்கா அழுவதை இரண்டு படம் எடுத்துக்கொண்டார்.

ஈப்போவுக்கு யாரிடம் போன் செய்வது? லோரி முதலாளியின் அலுவலகம் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருந்தது. மத்தியானத்துக்குள் வாசலில் சாவுக்குக் கேன்வாஸ் பந்தல் கட்டிவிட்டார்கள். கோயிலிலிருந்து நாற்காலிகள் வந்தன. லெட்சுமி அக்கா இரண்டு முறை மயங்கினார். நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "சத்தியமா இருக்காரு அக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இன்றைக்கும் சிரிப்பு வராத இடம் அது.

ஐந்து மணிக்கு முனியாண்டி அண்ணன் வந்தார். தெருவில் கேன்வாஸைப் பார்த்து, லோரியை மரியாதையாகத் தூரத்தில் நிறுத்தியிருக்கிறார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி, கடைசி நாற்காலியில் இருந்த கனகம் அக்காவின் கணவரிடம் தணிந்த குரலில், "யாரு போனது, மச்சான்?" என்று கேட்டார். மச்சான் திரும்பிப் பார்த்தார். நாற்காலியோடு சாய்ந்தார்.

அடுத்த ஒரு மணி நேரத்தை விட்டுவிடுகிறேன். முனியாண்டி அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னது மட்டும் போதும்.

"ஒய்.பி. பெரிய மனுசன், நூறு வீடு ஏறி எறங்குறவரு. அவருக்கென்ன தெரியும்? சொல்லிக் குடுத்த உனக்குப் புத்தி எங்க போச்சு?"

மறுநாள் ஒய்.பி. பெரிய மாலையோடு வந்தார். முனியாண்டி அண்ணனைக் கட்டிப்பிடித்து, "செத்ததாச் சேதி வந்தா ஆயுசு கூடும்னு பெரியவங்க சொல்வாங்க அண்ணே. உங்க கண்டம் என் வாயால கழிஞ்சது" என்றார். கூட்டம் கைதட்டியது. அண்ணன் மாலையோடு லோரியின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

ஓட்டுப்போடும் நாளன்று பள்ளிக்கூட வாசலில் ஒய்.பி. என்னைப் பார்த்தார். அன்று அவர் காதில் ஓத வேறொரு பெண். யாருக்கு ஓட்டுப் போடக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அவர் நின்று, "தங்கச்சி, அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா?" என்று கேட்டார். இவ்வளவு வேலையிலும் ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று உள்ளே போய் அவருக்கே போட்டுவிட்டு வந்தேன். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் அந்தப் பெண்ணின் உதடுகள் அசைந்தது நினைவுக்கு வந்தது.

அவர் ஜெயித்தார். அந்த வருடக் கடைசியிலும் கட்டில் கால் முழுகியது. முழங்காலளவு தண்ணீரில் சட்டிபானைகளை மேலே ஏற்றும்போது லெட்சுமி அக்காவிடம் கேட்டேன். "அந்த ஆளுக்குப் போய் ஏன்க்கா போட்டீங்க?"

அக்கா கையிலிருந்த பானையை மேலே வைத்துவிட்டுச் சொன்னார். "எங்கப்பா செத்தப்ப எஸ்டேட் துரை எட்டிப் பாக்கல. என் பிள்ளை செத்துப் பொறந்தப்ப ஆஸ்பத்திரியில ஒருத்தரும் என்னன்னு கேக்கல. இவரு எங்க வீட்டுத் தரையில குந்தி அழுதாரு, பத்மா. தப்பாத்தான் அழுதாரு. ஆனா அழுதாரு இல்ல?"

நான் அரிசி மூட்டையைத் தூக்கிக் கொடுத்தேன்.

கல்யாணமாகி சுபாங் ஜெயாவுக்கு வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. என் பிள்ளைகளுக்கு இந்தக் கதை அத்துப்படி. பெரிய அத்தை ஆஸ்பத்திரியில், சின்ன மாமாவுக்கு விபத்து என்று நான் பதறிக்கொண்டு போனை வைத்தால், வீட்டில் ஒருவரும் அசையமாட்டார்கள். "எந்த அத்தைன்னு மொதல்ல நல்லா விசாரிம்மா" என்பாள் மகள். என் கணவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே கேட்பார்: "நீ சொல்றியா, இல்ல ஒய்.பி. சொன்னாரா?"