எல்லா விடையும் பூஜ்ஜியம்

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை எழுதுவது. இங்கே நானும் உங்கள் மருமகளும் ஏதோ இருக்கிறோம். அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்திருக்க வேண்டும்.

நீங்கள் சொன்னபடியே வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், வீட்டைக் காலி பண்ணிவிட்டு உங்களோடு வந்துவிடுகிறேன். குடிநீர் நிலையத்தில் என் வீட்டுக்காரர் பார்த்த மோட்டார் ஓட்டும் வேலை எனக்குக் கிடைக்காது. பத்தாம் வகுப்புக் கணக்கில் தேறினால்தான் தருவார்களாம். அவர் காலமான பிறகும் சாப்பாட்டுக்கு அவர் தட்டையும் சேர்த்து எடுத்து வைக்கிறவள் நான், எனக்கு எங்கே கணக்கு வரப்போகிறது?

அந்தப் பரீட்சைக்காக நான் போகிற மாலை வகுப்பில் அடுக்கு நடத்துகிறார்கள். எண்ணின் தோளில் இன்னொரு குட்டி எண் உட்கார்ந்திருக்கும். பூஜ்ஜியம் உட்கார்ந்தால் விடை ஒன்றாம். பூஜ்ஜியம் என்றால் ஒன்றுமில்லை என்றுதானே, அண்ணா, நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்? நான் பூஜ்ஜியம் என்றே போட்டேன், அது பக்கத்தில் இருந்ததையெல்லாம் பெருக்கி விழுங்கிவிட்டது, எல்லா விடையும் பூஜ்ஜியம். வாத்தியார் தாளைத் தூக்கிப் பார்த்து, "என்னம்மா, வெள்ளம் வந்து துடைச்ச மாதிரி இருக்கு?" என்றார். பின்னால் உட்கார்ந்து படிக்கிற தையல்காரர், "அக்கா சிக்கனம் சார்" என்றார்.

மைனஸ் அடுக்கு வந்தபோது எண்ணுக்கே மைனஸ் போட்டேன். "இல்லம்மா, அது கோட்டுக்குக் கீழ இறங்கிடும், அவ்ளோதான். ரெண்டோட அடுக்கு மூணுன்னா எட்டு. அடுக்கு ஒவ்வொண்ணா குறையட்டும், நீ பாதி பாதியா சொல்லிட்டே வா" என்றார் வாத்தியார்.

"எட்டு, நாலு, ரெண்டு, ஒண்ணு, அரை, கால், அரைக்கால்..."

"பூஜ்ஜியம் எப்பம்மா வரும்?"

"வராதுங்க சார், எப்பவும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்" என்றேன். சொன்னதும் எங்கிருந்தோ அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வாத்தியார் பதறிப்போய், "அழாதம்மா, இது வெறும் ரெண்டு மார்க் கேள்விதான்" என்றார். தையல்காரர் துண்டுத்துணி கொடுத்தார், அதில் அவர் துணியில் குறி போடுகிற சாக்பீஸ் பொடி. முகம் முழுக்க வெள்ளையோடு பேருந்தில் வந்து இறங்கினேன். "நாடகத்துல சேந்துட்டியாம்மா?" என்கிறாள் உங்கள் மருமகள். போதும் அண்ணா.

அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை.

பின்குறிப்பு: வண்டி வேண்டாம் அண்ணா. உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் மருமகள் ஒரு கணக்கை நீட்டினாள். எக்ஸ் அடுக்கு மைனஸ் இரண்டு, ஒய் அடுக்கு பூஜ்ஜியம், இசட் அடுக்கு மூன்று, எல்லாம் பெருக்கல். எக்ஸைக் கீழே இறக்கினேன். ஒய் இருந்த இடத்தில் ஒன்று போட்டேன், இசட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, அப்படியே நின்றது. "சரிம்மா!" என்று கத்தினாள். பரீட்சை முடியும்வரை நான் அசையமாட்டேன். அதற்குப் பிறகு வாருங்கள், மோட்டார் அறைத் தரை வழுக்குமாம், நல்ல செருப்பாக ஒன்று வாங்கித் தாருங்கள்.