தீவுக்குப் போன கிரைண்டர்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். (பள்ளிக்கூடமும் நானும் கலந்து பேசி எடுத்த முடிவு அது.) அப்படிப்பட்டவன் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு ஹவுரா ஸ்டேஷனில் வந்து இறங்கினேன். வங்காள பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. கிடர்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்த நம் ஆட்களுக்கு பஸ்ஸில் இட்லித் தூக்கு கொண்டுபோய் விற்றேன். லேக் கார்டன்ஸில் ஒரு மாட்டுக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து மெஸ் ஆக்கினேன். மாட்டுக்காரர், மாநகராட்சி, பேட்டை கிளப் ஆட்கள் என்று மூன்று பக்கமும் இடி. மூன்றையும் வாங்கிக்கொண்டே கரியாஹாட்டில் சொந்தமாக ஒரு டிபன் கடை வைத்தேன், வீடு கட்டினேன், மகனைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தேன். மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காத ஊரில் சாம்பாரை விற்று மாடி வீடு கட்டியவன் வேறு யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள், காலில் விழுகிறேன்.

இவ்வளவையும் கட்டிய கை ஒரே ஒரு உல்லாச விடுமுறையைக் கட்டப்போய் என்ன ஆனது என்பதுதான் விஷயம்.

புது நூற்றாண்டு பிறந்த புதிது. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் நிறைந்தது. மகன் குமரேசன் சால்ட் லேக்கில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் அப்போதுதான் சேர்ந்திருந்தான். சம்பளம் வாங்கிய திமிரில், "அப்பா, அம்மாவ ஒரு நல்ல ஐலண்ட் ரிசார்ட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். லக்ஷுரியா" என்றான்.

அவன் அம்மா செண்பகம் அப்போது தோசைக்கல் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கல்யாணமான மறுமாதம் கையில் எடுத்த கரண்டி. இன்னும் கீழே வைக்கவில்லை. மெஸ்ஸானாலும் கடையானாலும் அடுப்பு அவள், கல்லா நான். துர்கா பூஜை லீவுக்கு ஊரே ரயில் ஏறிப் போகும். எங்களுக்கு அப்போதுதான் கூட்டம் கழுத்தை நெரிக்கும்.

"உனக்கு என்னம்மா வேணும்? சொல்லு, அது மாதிரி இடம் பாக்கலாம்" என்றான் மகன்.

அவள் திரும்பாமலே சொன்னாள். "கடலோ மலையோ, எதுன்னாலும் சரி. நாலு நாளைக்கு நான் அடுப்பு மூஞ்சில முழிக்கக் கூடாது. எவனாவது ஆக்கிப் போடணும், நான் கால நீட்டி உக்காந்து திங்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

இருபத்தைந்து வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். அதை நான் கவனமாகக் காதில் வாங்கினேன். வாங்கி, என் வழக்கப்படி, அதில் சில திருத்தங்கள் செய்தேன்.

மகன் டிராவல்ஸ் ஆபீஸிலிருந்து வழவழப்பான புத்தகங்களாக அள்ளிக்கொண்டு வந்து விரித்தான். மாலத்தீவு, மொரீஷியஸ், அந்தமான். எல்லாப் படத்திலும் ஒரே கடல், ஒரே தென்னை மரம், ஒரே பெண் தொப்பி போட்டுக்கொண்டு முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். (அவளை வைத்து எந்தத் தீவு நல்லதென்று எப்படித் தெரிந்துகொள்வது?)

"இது பாருங்கப்பா, தண்ணிக்கு மேலயே காட்டேஜ். கதவத் திறந்தா காலடில தண்ணி."

"ஆடி மாசம் நம்ம தெருவுல கட்டில விட்டுக் கால எறக்குனா தண்ணிதாம்ல. அதுக்கு எவன்கிட்ட நாம காசு குடுக்கோம்?"

"இங்க கடலை ஒட்டியே ஸ்விம்மிங் பூல்."

"கடல் பக்கத்துலயே கெடக்கு. அதுக்குப் பக்கத்துல குளம் வெட்டுனவன் புத்திசாலி. அவன் கடைல நாம சாப்பிடக் கூடாது."

"அப்பா, துமி போஜோ நா" என்று வங்காளத்தில் அலுத்துக்கொண்டான். உங்களுக்குப் புரியாது என்று அர்த்தம். எனக்கா புரியாது!

எதிர் வீட்டு போஸ் தாவிடம் யோசனை கேட்டேன். (தா, தாதா என்றால் வங்காளத்தில் அண்ணன்.) ரிட்டயர்டு அதிகாரி. இந்தியாவில் அவர் குரங்குக் குல்லாயோடு போய் நிற்காத ஊர் கிடையாது.

"ரிசார்ட் பாக்க ஒரே வழிதான், தாதா. காலைல என்ன மீன் வரும்னு போன்ல கேளுங்க. பதில்லயே தெரிஞ்சிடும்."

"நாங்க சைவம், போஸ் தா."

துக்க வீட்டுக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அப்புறம் எதுக்குக் கடலுக்குப் போறீங்க?"

ஆனால் அவர் சொன்னதில் ஒரு தொழில் நுட்பம் இருந்தது. ஹோட்டலை அறையை வைத்து எடை போடுகிறவன் ஏமாளி. அடுப்படியை வைத்து எடை போட வேண்டும். என் தொழிலே அதுதானே! மீன் வறுத்த சட்டியில் நமக்குப் பருப்பு தாளித்துவிட்டால்? அரை வயிற்றுக்கு ரொட்டியும் ஜாமும் தின்றுவிட்டு செண்பகம் திரும்பி வந்தால் அது விடுமுறையா, விரதமா? ஆகவே நான் எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ரிசார்ட்டாகக் கூப்பிட்டு, சமையல்காரனைக் கூப்பிடச் சொன்னேன்.

ஓரிடத்தில் ஒரு பெண் தேனாகப் பேசினாள். "ஓஷன் வியூவா சார், கார்டன் வியூவா?"

"கிச்சன் வியூ இருக்காம்மா?"

வைத்துவிட்டாள்.

இன்னொருவன் சைவத்துக்குத் தனிப் பாத்திரம் உண்டா என்றதற்கு, "சார், எங்களிடம் ஸ்பா உண்டு" என்றான். கடைசியில் அந்தமானில், போர்ட் பிளேரிலிருந்து இன்னொரு படகு ஏறிப் போகிற ஒரு சின்னத் தீவில், மண்டல் பாபு என்ற மேனேஜர் அகப்பட்டார். நான் கடைக்காரன் என்றதுமே குழைந்துவிட்டார். "தாதா, நம்ம கிச்சன் உங்க கிச்சன். உள்ள வாங்க, என்ன வேணும்னாலும் பண்ணிக்கோங்க!"

இதற்கு மேல் என்ன லக்ஷுரி வேண்டும்? புத்தகத்தைக்கூடப் புரட்டிப் பார்க்காமல் முடித்துவிட்டேன்.

"கிரைண்டர் இருக்கா?" என்று கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன்.

"மிக்ஸி இருக்கு தாதா."

மிக்ஸியில் அரைத்த மாவில் இட்லி அவித்து வெள்ளி விழா கொண்டாடுகிற அளவுக்கு நான் தாழ்ந்துவிடவில்லை. கடையில் உபரியாகக் கிடந்த நடுத்தர சைஸ் கிரைண்டரைத் துடைத்து, சாக்கில் சுற்றி, தைத்தேன். இன்னொரு மூட்டையில் இட்லி அரிசி, உளுந்து, பருப்பு, புளி, அப்பளம். விமானத்தில் இதை ஏற்ற மாட்டார்கள். கிடர்பூரிலிருந்து அந்தமானுக்குக் கப்பல் போகிறது. துறைமுகத்தில் என் இட்லியைத் தின்று வளர்ந்தவர்கள் இருந்தார்கள். யானையைக் கொண்டுபோனாலும் ஏற்றிவிட்டிருப்பார்கள்.

சாக்கைப் பார்த்து செண்பகம் கேட்டாள். "இங்கேருங்க, என்னது இம்புட்டு பெருசா?"

"ஒனக்குத்தாம்ளா. அங்க வந்து பாரு."

அவள் வெட்கப்பட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கப்பல் பயணத்தைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை. குடல் பூராவும் கடலுக்குக் கொடுத்துவிட்டுத்தான் மகனோடு சேர்த்து மூவரும் போர்ட் பிளேர் போய்ச் சேர்ந்தோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கிருந்து சின்னப் படகு. அலை அடித்ததில் நாங்களும் நனைந்தோம், சாக்கும் நனைந்தது. மனிதன் நனைந்தால் காய்ந்துவிடுவான். மோட்டார் அப்படியில்லை என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

தீவில் சங்கு மாலையோடு வரவேற்றார்கள். இளநீரில் குழல் போட்டு, ஓரத்தில் ஒரு பூவைச் செருகித் தந்தார்கள். வெள்ளை மணல், பச்சைக் கடல், படத்தில் முதுகைக் காட்டிய பெண்ணுக்குப் பதிலாக ஒரு வெள்ளைக்காரர் முதுகைக் காட்டிப் படுத்திருந்தார். செண்பகத்தின் முகத்தில் வெளிச்சம் வந்தது. சரியாக அந்த நேரத்தில் சீருடை போட்ட இரண்டு பேர் என் சாக்கை மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு வந்து வரவேற்பறைப் பளிங்குத் தரையில் தொப்பென்று வைத்தார்கள். ஈரத் தையல் விட்டுக்கொண்டது. கல்லும் டிரம்முமாகக் கிரைண்டர் வெளியே வந்து எல்லோருக்கும் தரிசனம் தந்தது.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். (செண்பகம் அப்படிப் பார்த்தால் என்ன அர்த்தம் என்பது எங்கள் தெரு நாய்க்குக்கூடத் தெரியும்.)

"நீ ஒண்ணும் அரைக்க வேண்டாம்ளா" என்று அவசரமாகச் சொன்னேன். "இவங்க ஆளுங்க அரைப்பாங்க. நீ சும்மா பக்கத்துல நின்னு பதம் சொன்னா போதும்."

"நிக்கணுமா?" என்றாள்.

அவ்வளவுதான். போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் முற்பகல், அவளைச் சமாதானப்படுத்த ஒரே வழி மல்லிகைப்பூ இட்லிதான் என்று முடிவு செய்து, ரிசார்ட் அடுப்படிக்குள் நுழைந்தேன். அங்கே நட்சத்திர ஹோட்டலில் பயின்ற ஒரு செஃப், தலையில் ஒரு முழத் தொப்பியோடு, என் கிரைண்டரைச் செத்த திமிங்கிலத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். உளுந்தைப் போட்டேன். பிளக்கைச் செருகினேன். "இப்பப் பாரு, தம்பி" என்று ஸ்விட்சைத் தட்டினேன்.

பார்த்தான். படார் என்று ஒரு நீல வெளிச்சம். கடல் தண்ணீர் குடித்த மோட்டார் புகை கக்கியது. அந்தத் தீவு மொத்தத்துக்கும் ஒரே ஜெனரேட்டர். அது தோட்டத்து மூலையில் ஒருமுறை இருமியது, இன்னொரு முறை இருமியது, நின்றுவிட்டது. ஏ.சி. நின்றது. தண்ணீர் பம்பு நின்றது. தேனிலவு ஜோடிகள் துண்டோடு வெளியே வந்தார்கள். எங்கள் கல்கத்தா பாலிகஞ்சிலிருந்தே குடும்பத்தோடு வந்திருந்த டாக்டர் விசிறிக்கொண்டே வந்தார். வெள்ளைக்காரர் தலையெல்லாம் சோப்பு நுரையோடு வந்து, ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். எனக்கு ஆங்கிலம் தெரியாதது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

"ஷர்போநாஷ்!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார் மண்டல் பாபு. சர்வநாசம். மெக்கானிக் போர்ட் பிளேரிலிருந்து வர வேண்டும். கடல் கொந்தளிப்பில் படகு வருகிறபோதுதான் வரும். குளிர்பெட்டியில் இருந்த மீனும் கோழியும் உருக ஆரம்பித்தன. செஃபுக்கு கரண்ட் அடுப்பும் குளிர்பெட்டியும் இல்லாமல் வெந்நீர்கூட வைக்கத் தெரியாதாம். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். மிச்சம் இருந்தது ஒரு கேஸ் அடுப்பு, என் மூட்டை, தோப்பு நிறையத் தேங்காய்.

மண்டல் பாபு மெல்ல எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. கடலோரம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்த செண்பகத்திடம் போனார். பின்னால் துண்டும் நுரையுமாக ஒரு கூட்டம்.

"பௌதி, நீங்கதான் காப்பாத்தணும். தாதா போன்ல சொன்னார், உங்க கை சமையலுக்குக் கல்கத்தாவே அடிமைன்னு." (பௌதி என்றால் அண்ணி.)

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். எனக்குத் தெரியும், அவள் எழுந்துவிடுவாள். பசி என்று யார் வந்து நின்றாலும் எழுந்துவிடுகிற ஜென்மம் அது. கையை நாற்காலியில் ஊன்றவும் செய்தாள். அப்போதுதான், எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டிருந்த நான், கடைசியாக ஒரு முறை வாயைத் திறந்தேன்.

"எந்திரிளா, தேங்காப்பால ஊத்தி சட்டுனு ஒரு சொதி வச்சுரு. ஆளுக பசியோட நிக்காக."

ஊன்றிய கையை எடுத்தாள். காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டாள். கரியாஹாட் காய்கறிக்காரர்களிடம் பேரம் பேசிக் கற்ற வங்காளத்தில், கணீரென்று சொன்னாள்:

"ஆமி ச்சுட்டீதே."

நான் லீவில் இருக்கிறேன் என்று அர்த்தம். அப்புறம் தமிழில், என்னிடம் தனியாக: "கிச்சன் ஒங்க கிச்சன்னுதான சொல்லி வந்திய? போங்க. ஆக்குங்க."

மகன் கைதட்டினான். (பெற்ற பிள்ளை!) டாக்டரின் மனைவியும் தட்டினாள். அந்தத் தட்டலில் நான் அடுப்படிக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

இத்தனை வருஷம் சாப்பாட்டுக் கடை நடத்தினேனே, ரசத்துக்கு எத்தனை உப்பு என்று தெரியாது. முதல் நாள் ரசத்தை ஒரு வாய் குடித்த டாக்டர், "காலைல இதுலதானே குளிச்சோம்?" என்று மனைவியிடம் கேட்டார். பருப்பு கரிந்தது. அப்பளம் எரிந்தது. சாய்வு நாற்காலியிலிருந்து, கடலை விட்டுத் திரும்பாமலே, குரல் மட்டும் வந்தது: "தேங்காப்பால ஊத்தி கொதிக்க விடாதிய, திரிஞ்சுரும்!" மூக்கால் பார்க்கிற மனுஷி. கரண்ட் இல்லாமல் மிக்ஸி ஓடாது என்பதால் தேனிலவு மாப்பிள்ளை ஒருவர் தேங்காய் துருவினார், இன்னொருவர் பால் பிழிந்தார். பெண்டாட்டிகள் மணலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர்களுக்கு இந்த யோசனை மிகவும் பிடித்துப்போயிற்று.

படகு வரும்வரை நான்தான் ஆக்கினேன். சோப்பு நுரைக்காரருக்குக்கூட நான்தான்.

கிளம்புவதற்கு முந்தின மத்தியானம் வைத்த சொதி எப்படியோ வாய்த்துவிட்டது. முருங்கைக்காய் இல்லை, பூசணிக்காய்தான். ஆனால் இஞ்சிச்சாறும் எலுமிச்சையும் சரியாக விழுந்தன. தட்டில் சோற்றைப் போட்டு, சொதியை ஊற்றி, நானே மணலில் நடந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் காலை நீட்டியபடியே ஒரு வாய் தின்றாள். கரண்டியோடு நின்றேன், பரீட்சை முடிவுக்கு நிற்பவனைப்போல.

"உப்பு ஒரு கல்லு கூட" என்றாள்.

பிறகு தட்டை நீட்டினாள். "இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்க."

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரை எதற்குக் கூப்பிட்டாலும் ஒரே பதில்தான். தண்ணீர் கொண்டு வா என்றால் மகன் சொல்வான், "ஆமி ச்சுட்டீதே." பிற்பாடு வந்த மருமகளும் வந்த வாரமே கற்றுக்கொண்டாள். இப்போது பேத்தி, பால் குடிக்கச் சொன்னால் அதையே சொல்லிவிட்டுக் காலை நீட்டிக்கொள்கிறாள். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஆனால் ஒன்று. குமரேசன் எடுத்த போட்டோக்கள் ஆல்பத்தில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் செண்பகம் மகாராணி மாதிரி நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள், பின்னால் கடல். ஒன்றில்கூட நான் இல்லை. ஒரு படத்தின் ஓரத்தில் என் முழங்கையும் கொஞ்சம் புகையும் இருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவள் ஆல்பத்தை விரித்து வைத்துச் சொல்கிறாள், "என்னா ரிசார்ட்டுங்கிய! சாப்பாடு பிரமாதம். சொதின்னா அப்படி ஒரு சொதி." கேட்கிறவர்கள் அங்கே நல்ல சமையல்காரன் போல என்கிறார்கள். இவளும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறாள். போஸ் தா ஒருபடி மேலே போய், அந்தச் சமையல்காரனின் முகவரி கேட்டார்.

ஆகவே எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி வைக்கிறேன். அந்த ரிசார்ட்டைத் தேடிப் பிடித்தவன் நான். அவளை நாற்காலியை விட்டு எழவிடாமல் செய்தவனும், எப்படிச் செய்தேன் என்பதை விடுங்கள், நான்தான். அந்தச் சொதியை வைத்தவன் நான். இனி ஆல்பத்தைத் திறக்கிறபோது அவள் என் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் திறக்க வேண்டும். முழுப் பெயரையும். முக்கியமாக போஸ் தா முன்னால்.