கூக்கால் பெட்டிஷன்காரரும் வாசலுக்கு வரும் பாட்டிலும்

பெட்டிஷன்காரர் கையால் மனு வாங்காத அதிகாரி இந்தப் பழனி மலையில் இதுவரை பதவி வகித்ததில்லை. அடித்துச் சொல்வேன். ஏனென்றால் அத்தனையையும் டைப் அடித்துக் கொடுத்த பாவி நான்தான்.

கூக்கால் என்கிற மலைக்கிராமத்தில் பூண்டு போடுகிற விவசாயி அவர். கொடைக்கானலில் இருக்கும் என் கம்ப்யூட்டர் கடைக்கு வாரம் தவறாமல் வந்துவிடுவார். காட்டுமாடு பீன்ஸைத் தின்றால் மனு. மழை முந்திப் பெய்தால் மனு. அபூர்வமாக ஒரு தடவை பதில் வந்தபோது, அதில் தேதி போடவில்லை என்று இன்னொரு மனு!

ஒரு காலத்தில் தினமும் குடித்தவர். பொறுத்துப் பார்த்த அவர் மனைவி, ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் அப்பா வீட்டுக்குப் போய்விட்டார். இவர் என்ன செய்தார்? மாமனாருக்கு ஒரு மனு, ஒப்புகை அட்டையோடு. ஒரு வருஷம் கழித்து அந்த அம்மா திரும்பி வந்தார், நிபந்தனையோடு. குடி சனிக்கிழமை மட்டும், அதுவும் வெளியே. வீட்டுக்குள் பாட்டில் வரக்கூடாது.

போன வருஷம் யாரோ போனில் காட்டிவிட்டார்கள், வேறு ஏதோ மாநிலத்தில் சரக்கு வீட்டுக்கே வருகிறதாம். மறுநாளே மனுஷன் என் கடையில்.

"தம்பி, வெரசா அடிங்க. பொருள்: மதுவை வீட்டு வாசலுக்கே அனுப்பக் கோருதல்."

"அண்ணே, நம்ம சட்டத்துல அதுக்கு எடமில்லையே!"

"எடமில்லைன்னுதானப்பா மனு. இருந்தா ஆர்டர் போட்டுட்டு வீட்ல படுத்துருக்க மாட்டேனா? செருப்பு வருது, சேலை வருது, பூண்டுக்கு மருந்து வருது. இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? கூக்கால்லருந்து சரக்குக் கடைக்குப் போயிட்டு வந்தா ஒரு நாள் சோலி கெட்டுப்போகுது."

மூன்று பக்கம் அடித்தேன்; கலெக்டருக்கு அனுப்பினார். அத்தோடு விட்டாரா? கிராம சபையில் தீர்மானமாகவே கொண்டுவருகிறேன் என்று கிளம்பி, நகல்களைச் சுமக்க என்னையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்.

கூட்டத்தில் பெண்கள் பிடிபிடியென்று பிடித்தார்கள். "வாசலுக்கே வந்துட்டா எங்க வீட்டு ஆம்பளைக வேலைக்குப் போவாகளா?" என்றார் ஒருவர்.

இவர் அசரவில்லை. "வயசு பார்த்துத்தான் குடுப்பாக. கள்ளச்சரக்கு ஒழியும். குடிச்சுட்டு மலைரோட்டுல வண்டி ஓட்டி உருள்றதும் கொறையும்." உண்மையைச் சொன்னால், எனக்கே நியாயமாகத்தான் பட்டது. நாலைந்து பேர் கைகூடத் தட்டினார்கள்.

அப்போதுதான் அவர் மனைவி எழுந்தார்.

"ஒரே ஒரு கேள்வி. போன மாசம் நாலு சனிக்கெழமையும் கடைக்குன்னு வெள்ளனே கெளம்புனீங்க. எத்தனை தடவ கடைக்குப் போனீங்க?"

"அது வந்து... ஒரு தடவ."

"மத்த மூணு தடவ?"

இவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "பஸ்ஸுக்கு ஒக்காந்துருந்தேன். பஸ்ஸு வர்றதுக்குள்ள ஒன் மொகம் ஞாபகத்துக்கு வந்துருச்சு. திரும்பிட்டேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. "பாட்டில் வாசலுக்கு வந்தா, எங்கேருந்துங்க திரும்புவீங்க? அந்த வண்டி வர்ற அன்னிக்கு நான் ஆயக்குடிக்குப் போயிருவேன். இந்தத் தடவ வரமாட்டேன்."

இவர் தீர்மானத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தீர்மானம் அப்படியே நின்றுபோனது.

மறுநாள் கடை திறக்கப் போனால், எனக்கு முன்னால் அங்கே நிற்கிறார்.

"அடிங்க தம்பி. பொருள்: என் முந்தைய மனுவைத் தள்ளுபடி செய்யக் கோருதல்."

"காரணம்னு என்ன போடட்டும்ணே?"

வழக்கமாக மூன்று பக்கம் சொல்லும் ஆள், இரண்டே வரியில் முடித்தார். "கடை தூரமா இருக்குறதுனாலதான் நான் பாதியிலயே திரும்புறேன். அய்யா அவுக அந்தத் தூரத்தைக் கொறைச்சுற வேணாம். அவ்வளவுதான்."

அவர் சொல்வதை அரசாங்க நடைக்கு மாற்றி அடிப்பதுதான் என் தொழில். அன்றைக்கு ஒரு எழுத்தைக்கூட மாற்ற எனக்கு மனசு வரவில்லை. அப்படியே அடித்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தவரை, அந்த இடத்திலேயே கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.