கல்லும் ஒரு பின்னூட்டமும்

நான் என் அப்பாவை பேஸ்புக்கில் பிளாக் செய்தவள். கோபத்தில் அல்ல, ஆராய்ச்சிக்காக. (எழுதும்போதே வெட்கமாகத்தான் இருக்கிறது.)

அப்போது நான் இலங்கையில் ஒரு பல்கலைக்கழகத்தில் தொல்லியல் இறுதியாண்டு மாணவி. ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினால் பதில் வருவதற்குள் தலை நரைத்துவிடும் என்று வலைப்பதிவு ஒன்று தொடங்கியிருந்தேன். வாசகர்கள் பதினோரு பேர். அதில் இரண்டு பேர் நானே.

விடுமுறைக்கு றக்வானைப் பக்கம் அப்பா வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்துக்குப் போனபோது, நாங்கள் குடியிருக்கும் லய வீடுகளுக்குப் பின்னால் ஓடையோரப் பாறையில் வரிவரியாகப் பள்ளங்களைக் கண்டேன். பதினேழு கோடுகள்! யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விடுதிக்குத் திரும்பியதும் "கற்கால மனிதனின் நாட்காட்டியா?" என்று தலைப்பிட்டுப் படத்துடன் வலைப்பதிவில் ஏற்றி, பேஸ்புக்கிலும் பகிர்ந்தேன். (கேள்விக்குறி போட்டுவிட்டால் பொய் சொன்ன பாவம் சேராது என்பது அன்றைய என் ஆய்வு நெறி.) மறுநாளைக்குள் முந்நூறு பேர் பகிர்ந்துவிட்டார்கள். எங்கள் பேராசிரியையே, "ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்கலாம்" என்று எழுதினார். அவருடைய ஆய்வுக் குழுவில் ஓரிடம் காலியாக இருந்தது. அதற்காக நான் நேர்த்தி வைக்காத கோயில் இல்லை.

அந்த நேரம் பார்த்து, ரோஜாப்பூவை முகப்புப் படமாக வைத்த ஒருவர் பேஸ்புக் பதிவின் கீழே எழுதினார்:

"பாப்பா இது நம்ம கவ்வாத்து கத்தி தீட்டுற கல்லு தானே. சாப்டியா"

அப்பா! தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் இருபத்தைந்து வருட அனுபவம். பேஸ்புக்கில் ஒரு வாரம். அவர் விடியற்காலையில் கத்தி தீட்டிய நாளெல்லாம் நான் போர்வைக்குள் கிடந்தவள். எனக்கு எப்படித் தெரியும்? பதறிப்போய்ப் பின்னூட்டத்தை நீக்கினேன். மறுபடி எழுதிவிடுவாரோ என்ற பயத்தில் ஆளையே பிளாக் செய்தேன்.

இரவு போன் வந்தது.

"பாப்பா, பேஸ்புக்குல ஒன்னய காணோமே?"

"சிக்னல் இல்லப்பா."

"ஆமா ஆமா, மழ போல."

அதை அப்படியே நம்பினார் பாருங்கள், அதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை பேராசிரியை என்னோடு தோட்டத்துக்கு வந்தார். பாறையருகே நின்று நிலவின் வளர்பிறை, தேய்பிறை என்று கால் மணி நேரம் விளாசினேன். வெள்ளைச் சட்டை போட்டு நின்ற அப்பா, மகள் பேசும் அழகையே பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியை மெல்லத் தன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார்.

"இதை எழுதியது யார்? மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்திப் படித்தேன். நல்லவேளை, படம் பிடித்து வைத்தேன். மறுநாள் காணவில்லை" என்றார் சிங்களத்தில்.

அப்பா எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அட, நான் எழுதுனதுதான்! பாப்பா, அப்ப சிக்னல் வந்திருச்சா?"

பூமி பிளக்கவில்லை. பிளந்திருந்தால் முதல் ஆளாக இறங்கியிருப்பேன்.

அப்பா கத்தியை எடுத்து வந்து ஒரு பள்ளத்தில் வைத்தார். உறைக்குள் போவதுபோல் அச்சாகப் பொருந்தியது. பிறகு சரளமான சிங்களத்தில், ஒவ்வொரு கோடும் ஒவ்வோர் ஆளுடையது என்று சொல்லிக்கொண்டே போனார். சாய்ந்து கிடப்பது இடது கைக்காரரான அவருடைய அப்பாவின் கோடு. பதினேழில் ஒன்பதுக்கு அவருக்குப் பெயர் தெரிந்திருந்தது. நான் படித்த படிப்பில் ஒன்றுக்கும் தெரியவில்லை. பேராசிரியை பாறையிலேயே உட்கார்ந்து மதியம்வரை எழுதினார். எனக்கு அழுகை வந்தது. இடம் போன துக்கம் கொஞ்சம், அப்பாவிடம் பொய் சொன்ன துக்கம் மீதி.

கிளம்பும்போது பேராசிரியை என்னைத் தனியே அழைத்தார். பின்னூட்டத்தை நீக்கியதையும் அப்பாவை பிளாக் செய்ததையும் சொன்னேன்.

"முதலில் அப்பாவை பிளாக்கிலிருந்து எடு. அப்புறம் விண்ணப்பம் போடு."

இரண்டையும் அந்த வரிசையிலேயே செய்தேன். நடுவில் சிக்னல் கதையையும் அப்பாவிடம் ஒப்புக்கொண்டேன். இடம் கிடைத்தது. பேராசிரியை தன் வலைப்பதிவில் எழுதிய கட்டுரையின் அடிக்குறிப்பில் அப்பாவின் பெயர் இருக்கிறது, பக்கத்தில்: "தகவல், நீக்கப்பட்ட ஒரு பின்னூட்டம்." என் பெயர் எங்குமே இல்லை.

இப்போது நான் விரிவுரையாளர். வீட்டில் எதைப் பற்றியாவது நான் அடித்துப் பேச ஆரம்பித்தால், அப்பா பள்ளிப் பிள்ளைபோல் கையைத் தூக்குவார்.

"ஒன்னு சொல்லலாமா பாப்பா, இல்ல சிக்னல் போயிருமா?"