கவ்வாத்து மாமாவின் வலது தோள்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்தைப் படிக்கச் சிரமமாக இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ‘ர’வா பெரிய ‘ற’வா என்று சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் மனதுக்குப் பட்டதைப் போட்டிருக்கிறேன். அச்சுக் கோக்கிறவர் திருத்திக்கொள்ளட்டும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

உலகத்தில் கத்தி பிடித்த ஒருவரைக்கூடப் பாராட்டாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அவர் எங்கள் கவ்வாத்து மாமாதான். தேயிலைச் செடி சில வருடம் வளர்ந்ததும் அதன் தலையை ஒட்ட வெட்டிவிடுவதற்குக் கவ்வாத்து என்று பெயர். வெட்டுவாய் சரிவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் தேங்கிக் கிளை அழுகிவிடும். அந்தச் சரிவு மாமாவின் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

வட்டவளைத் தேநீர்க் கடையில் ஒருநாள் பாண், அதாவது ரொட்டி, வெட்டிக்கொண்டிருந்த கடைக்காரரின் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கிவிட்டார்.

“என்னய்யா இது, நேரா வெட்டுற? சரிவா வெட்டு. தண்ணி நிக்கும்ல?”

“பாண் மேல ஏன் மாமா மழ பெய்யப்போகுது?”

“ஒன் கடக் கூரைய நிமிந்து பாத்திருக்கியா நீ?”

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கத்தியைத் திரும்ப வாங்கிச் சரிவாகவே வெட்டினார்.

முடிவெட்டுகிறவரிடமும் இதே தகராறுதான். பாதி முடியில் எழுந்து வந்துவிட்டார். மீதிப் பாதியை அத்தை, அதாவது மாமாவின் மனைவி, வீட்டில் வெட்டிவிட்டார். அதுவும் சரியில்லை என்று மாமா அன்று முழுவதும் தலையில் துண்டோடு திரிந்தார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் வலது தோள் போயிற்று. வெட்டிய மிலாறுக் குச்சிகளை விறகுக்குக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கியவர் வழுக்கி விழுந்தார். அதன்பின் கையை அசைத்தால் தோளுக்குள் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும்; கை பாதியில் நின்றுவிடும். கண்டாக்கையா, அதாவது மலையில் வேலை பார்வையிடும் உத்தியோகத்தர், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

“இந்தா பாரு, அடுத்த கவ்வாத்துக்குள்ள கை தூக்குனா கத்தி. தூக்கலேன்னா புல்லுவெட்டு.”

புல்லுவெட்டு என்பது வயதானவர்களைப் போடுகிற வேலை. மாமா அன்று சாப்பிடவில்லை.

அப்போது நான் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்துப் போத்தல் கழுவிக்கொண்டிருந்தேன். எனக்குக் கொஞ்சம் சிங்களம் வரும் என்பதால் மாமாவோடு கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த இளம் டாக்டர் ஒருவர், தோளைப் பிளக்காமல் சிறு ஓட்டை போட்டு, அதற்குள் குழாய் விட்டுப் பார்த்தே வேலையை முடிப்பார் என்றார்கள். மாமா என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

“வெட்டு சரிவா இருக்குமான்னு கேளு மாப்ளே.”

நான் கேட்கவில்லை.

ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் கட்டை அவிழ்த்தார்கள். மூன்று சிறு ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தையல். மாமா கண்ணாடியில் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

“வெட்டவே இல்லடா இவரு! எறும்பு கடிச்ச மாதிரி மூணு புள்ளி. இதுக்கா அம்புட்டுத் தூரம் ரயில்ல வந்தோம்?”

டாக்டர் சிரித்தபடி ஒரு சின்னப் போத்தலைக் காட்டினார். தோளுக்குள் உடைந்து கிடந்த எலும்புத் துணுக்குகள், பட்டாணி அளவில் இரண்டு, உள்ளே கிடந்தன.

“ஆட்டெலும்பு தெரியாதவனா நானு? மத்தியானச் சோத்துல கெடந்தத எடுத்துப் போட்டிருக்காரு.”

என்ன சொல்கிறார் என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டார். மிகவும் நன்றி சொல்கிறார் என்றேன். டாக்டர் மகிழ்ந்து மாமாவின் நல்ல தோளில் தட்டினார். மறுநாளிலிருந்தே கையை மெல்ல மெல்ல அசைக்க வேண்டும், அசைக்காவிட்டால் தோள் இறுகிவிடும் என்று சொல்லி, படம் போட்ட தாள் ஒன்றையும் கொடுத்தார். நானும் மாமாவிடம் இரண்டு முறை சொன்னேன்.

திரும்பி வரும்போது நாவலப்பிட்டி தாண்டியதும் கடலை வாங்க மாமா மறந்துபோய் வலது கையை நீட்டிவிட்டார். சத்தம் வரவில்லை. மறுபடி நீட்டினார். ‘டொக்’ இல்லை. கடலையை என் மடியில் போட்டுவிட்டு வட்டவளை வரை கையை நீட்டி நீட்டிப் பார்த்தபடியே வந்தார். இறங்கும்போதுதான் சொன்னார்:

“வெட்டித்தான் இருக்காரு மாப்ளே. வெளிய தெரியாம உள்ளுக்குள்ள வெட்டியிருக்காரு. கெட்டிக்காரன்.”

கத்தி பிடித்த ஒருவரை மாமா புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வினையும் அங்கேதான் தொடங்கியது. வெட்டியது உண்மையென்றால் இது கவ்வாத்து. கவ்வாத்து வெட்டிய மலையில் மாதக்கணக்கில் யாரும் கொழுந்து பறிக்கக் கூடாது. செடி தானாகத் துளிர்க்க வேண்டும். ஆகவே தோளையும் யாரும் தொடக் கூடாது. அத்தையின் பழைய சேலையைக் கிழித்துக் கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டார். டாக்டர் கொடுத்த தாளைச் சாமிப் படத்தின் கீழ் ஒட்டி, காலையும் மாலையும் சூடம் காட்டினார்.

ஐந்து வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்தபோது கை அப்படியே இறுகிப்போயிருந்தது. சோற்றுக் கோப்பையைக்கூட எட்ட முடியவில்லை. மாமா என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் பயத்தை நான் முன்னே கண்டதில்லை.

“துளுக்கலையே மாப்ளே.”

மலையிலிருந்து வந்த அத்தை கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றார்.

“ஏங்க, வெட்டுன செடிய சும்மாவா விட்டுட்டு வருவீங்க? கெளையெல்லாம் பாசி ஒரசுறதில்ல? ஒரம் போடுறதில்ல? எங்கள முதுகொடிய ஒரசவிட்டுட்டு ஒங்க தோளுக்கு மட்டும் சூடமா?”

மாமா தோளைத் தடவிப் பார்த்தார். “பாசி ஒரசணும்தான்” என்றார்.

அன்றே தொடங்கியது. சாமிப் படத்தின் கீழிருந்து தாளைக் கிழித்தெடுத்தோம். முதல் படம்: குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது. இரண்டாவது: உத்திரத்தில் கயிற்றைப் போட்டு, நல்ல கையால் இழுத்து மற்றக் கையை உயர்த்துவது. மூன்றாவது: விரல்களால் சுவரில் ஏறுவது. ஒவ்வொன்றையும் நான் முதலில் செய்து காட்ட வேண்டும் என்று மாமா சட்டம் போட்டார். எங்கள் வரிசை வீடுகளான லயத்து ஆட்கள் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். சுவரில் விரலால் ஏறிக்கொண்டு நான் நின்ற கோலத்தை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.

“ரெண்டு பேரும் பல்லி புடிக்கிறாங்களா?” என்றாள் ஒருத்தி.

விரல் எட்டிய உயரத்தை அத்தை தினமும் கரியால் கோடு போட்டார். மாமா ஏமாற்றினார். குதிகாலைத் தூக்கி நான்கு விரற்கடை கூட்டிக் காட்டினார். அத்தை அவரைப் பலகையில் உட்கார வைத்தே ஏறச் சொன்னார். வலியில் அவர் போட்ட சத்தத்துக்குக் கோழிகள் மலைக்குள் ஓடின. ஆனாலும் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போயின.

கவ்வாத்துக்கு முதல்நாள் கண்டாக்கையா மாமாவை மலைக்கு வரச் சொன்னார். கொழுந்துக்காரப் பெண்களெல்லாம் நின்று பார்த்தார்கள். நான் மருந்துப் பையோடு ஓரத்தில் நின்றேன்.

“எங்க, தூக்கு பாப்போம்.”

மாமா தூக்கினார். இடுப்பு, நெஞ்சு, கழுத்து என்று உயர்ந்து காதருகே வந்த கை நின்றுவிட்டது. நெற்றி வியர்த்தது. கை அதற்கு மேல் போகவில்லை. கண்டாக்கையா தலையை ஆட்டினார்.

“மேல போவலயே மாமா.”

“தேயில இடுப்பு ஒசரம்தானுங்களே கண்டாக்கையா. வானத்தையா கவ்வாத்து வெட்டப்போறோம்?”

முதலில் சிரித்தவர் அத்தை. பிறகு மலையே சிரித்தது. கண்டாக்கையா சிரிப்பை அடக்கிக்கொண்டு கத்தியைக் கொடுத்து ஒரு நிரைச் செடியைக் காட்டினார். மாமா ஒரு கிளையில் கத்தியை வைத்தார், நிறுத்தினார்.

“இதத் தீட்டுனது யாரு? கழுத கடிச்ச மாதிரி இருக்கு!”

அங்கேயே உட்கார்ந்து கல்லில் தீட்டிக்கொண்ட பிறகுதான் வெட்டினார். சரிவான, சுத்தமான வெட்டு. நிரை முடிந்ததும் கண்டாக்கையா, “நாளைக்குப் பெரட்டுக்கு வந்துரு” என்றார்.

மறுநாள் காலை டிஸ்பென்சரிக்கு நான் நேர்வழியில் போகவில்லை. பனியில் அரை மைல் சுற்றி, அந்த மலைக்கு மேலே உள்ள ரோட்டில் போனேன். கீழே ஆட்களோடு சேர்ந்து மாமாவின் கை உயர்ந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வேலைக்குப் பிந்திப் போய் ஏச்சு வாங்கினேன். அன்று ஏன் பிந்தினேன் என்று மாமாவிடம் இதுவரை சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

1989 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை.