நல்ல புகை

ஓசூர்,
ஆடி 28

மதிப்பிற்குரிய ரத்தினவேல் அண்ணனுக்கு, தங்கை பூங்கொடி வணக்கத்துடன் எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் நலம். அப்பாவின் அம்பாசிடர் நலமில்லை. அங்கே அண்ணியும் கல்யாணப் பெண் தர்ஷினியும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

இன்று காலை வண்டியை ஸ்டார்ட் செய்தபோது இருந்தவர்கள்: நான், கையில் எலுமிச்சம்பழத்தோடு உங்கள் மாப்பிள்ளை, வேப்பனப்பள்ளி மெக்கானிக் ஆஞ்சப்பன், மாடியில் காயப்போட்ட புடவையை அவசரமாக அள்ளிக்கொண்டிருந்த மேல்வீட்டு நாராயணம்மா. இரண்டு நிமிஷம் கழித்து யார் யார் இருந்தார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. அவ்வளவு புகை.

போனில் நீங்கள் "நின்னுச்சா, நிக்கலையா?" என்று ஒரே கேள்வி கேட்டு வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். புகை நின்றால் ஆவணி பன்னிரண்டாம் தேதி தர்ஷினி தாத்தா வண்டியில் கல்யாணத்துக்குப் போவாள், நிற்காவிட்டால் ஆவணி முதல் தேதியே பழைய இரும்புக்கு என்று சொல்லிவிட்டீர்கள். அன்றிலிருந்து நான் ஒரு நோட்டுப் போட்டுப் புகைக் கணக்கு எழுதி வருகிறேன். தேதி, நேரம், எவ்வளவு தூரம் பரவியது, வண்டிக்கு அன்று என்ன செய்தோம், நாராயணம்மா என்ன சொன்னார் என்பது வரை இருக்கிறது. ஆஞ்சப்பனுக்குத் தெலுங்கு வீட்டுப் பேச்சு, தமிழ் கடைப் பேச்சு. முதல் நாள் போனில், "நல்ல பொகையாம்மா வருது?" என்று கேட்டார். தெருவே தெரியாமல் வருகிறதே, இதைவிட என்ன வேண்டும் என்று, "ஆமாங்க, ரொம்ப நல்ல பொகைங்க" என்றேன். அப்படியானால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, கார்புரேட்டரைக் கழற்றி அனுப்புங்கள் என்றார். உங்கள் மாப்பிள்ளை நைட் ஷிப்ட் முடிந்த கண்ணோடு அதைக் கழற்றி, சாப்பாட்டுக் கூடையில் வைத்து, வேப்பனப்பள்ளிக்கு ஸ்கூட்டரில் போய் வந்தார். புகை நிற்கவில்லை. மறுபடி போன், மறுபடி "நல்ல பொகையா?", மறுபடி நான் "நல்ல பொகைதாங்க", மறுபடி கூடை. இப்படி மூன்று தடவை. சாம்பார் இன்னமும் பெட்ரோல் வாசனை அடிக்கிறது. போதும் என்று இன்று ஆஞ்சப்பனையே நேரில் வரவழைத்தோம். புகையைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, இது நல்ல பொகை இல்லம்மா! நீலப் பொகை! நல்ல பொகைன்னு எதுக்கும்மா சொன்னே?"

"நல்லா வருதான்னு கேட்டீங்க. நல்லாத்தானே வருது?"

மாடியிலிருந்து நாராயணம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அய்யோ பூங்கொடி, எங்க தெலுங்குல நல்லன்னா கருப்பு! கரும்புகையான்னு அவரு கேட்டா, நீ மூணு வாரமா ஆமாம் போட்டிருக்கே!"

கருப்பு என்றால் பெட்ரோல் அதிகமாம், நீலம் என்றால் உள்ளே ஆயில் எரிகிறதாம். வேறு வியாதி, வேறு வைத்தியம். இஞ்சினுக்குள்ளே ஆயிலைத் தடுக்கும் ரிங் தேய்ந்திருக்கும், இஞ்சினை இறக்க வேண்டும், ஒரு மாசமாவது ஆகும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். கல்யாணத்துக்கு இன்னும் பதினைந்து நாள்தான் இருக்கிறது. எனக்கு முடியலண்ணா. வேண்டாத சாமி இல்லை, சுற்றாத எலுமிச்சம்பழம் இல்லை. இரும்புக் கடைக்காரரை வரச் சொல்லிவிடுங்கள். பிள்ளை வாடகைக் காரில் போகட்டும். அப்பா மன்னிப்பார்.

தர்ஷினிக்கு என் ஆசிகள். அண்ணிக்கு வணக்கம்.

இப்படிக்கு,
பூங்கொடி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது ஆஞ்சப்பன் சூளகிரி டீக்கடையிலிருந்து போன் செய்தார். "அம்மா, ஆயில் எப்போ ஊத்துனீங்க?" அவருக்கு இல்லாத கணக்கா என்று நோட்டை எடுத்துப் படித்தேன். ஆடி முதல் வெள்ளியன்று உங்கள் மாப்பிள்ளை "ஆயில் குறையாம பாத்துக்க" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனார். விளக்குக்குப் பார்ப்பது போலவே பார்த்தேன். நாலு வெள்ளி, ஆடி அமாவாசை, ஆடிப்பெருக்கு, ஆக ஆறு தடவை பூஜை முடிந்ததும் அவர் வாங்கி வைத்த இஞ்சின் ஆயிலில் ஒவ்வொரு சின்னச் செம்பு. மூடியைத் திறந்தால் எண்ணெய் கண்ணுக்கே தெரியவில்லை, ஊற்றினேன்.

அந்தப் பக்கம் டீ கிளாஸைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ஆயில் அளவு பாக்குற கம்பிய இழுத்துப் பாத்தீங்களாம்மா?"

"எந்தக் கம்பி?"

"அம்மா, அது இஞ்சினம்மா. குத்துவிளக்கு இல்ல."

பாதி வழியிலிருந்து திரும்பி வந்து, அளவுக்கு மேல் இருந்த அரை வாளி ஆயிலை வடித்தார். அரை மணி நேரம் ஓடவிட்டதும் புகை நின்றது, அண்ணா. கருப்பும் இல்லை, நீலமும் இல்லை. நோட்டில் ஆயில் ஊற்றிய தேதியும் புகை கூடிய தேதியும் எதிரெதிர்ப் பக்கத்தில்தான் இருக்கின்றன. எழுதிய நானே பார்க்கவில்லை. உங்கள் மாப்பிள்ளை கோபிக்கவில்லை. "இனிமே வண்டிக்குப் பூ மட்டும் போடு" என்றார்.

இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை. இரும்புக் கடைக்காரரிடம் சொல்லியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தர்ஷினி தாத்தா வண்டியில்தான் போக வேண்டும். வண்டியை எந்தத் தேதிக்குக் கொண்டுவரட்டும்? சீக்கிரம் பதில் போடுங்கள்.